போகாத வியாழக்கிழமையின் தும்பிகள்

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மச்சாள் வருவார். என் கணவரின் தங்கை. குடையை மடக்கி விறாந்தைத் தூணில் சாய்த்துவிட்டு, "என்ன மச்சாள், பூச்சிக் கந்தோருக்கு நேரமாகல்லயோ?" என்று, அலுவலகம் போகிறவளைக் கேட்பது போலக் கேட்பார். நான் அதற்கு முன்பே செருப்பைப் போட்டு, கொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக நிற்பேன். பதினொரு மணிக்கு அவர் தன் வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆக எனக்கு இரண்டு மணித்தியாலம். திங்கட்கிழமையும் அவர் வருவதுண்டு. ஆனால் திங்கள் களுவாஞ்சிக்குடியில் மருந்து, மரக்கறி, வங்கி என்று போய்விடும். வியாழன் மட்டுமே என்னுடையது.

மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பில், குளியலறை வாசலில் இவர், என் கணவர், விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. பேச்சு திரும்பிவிட்டது. நாங்கள் இருந்தது மூன்றாம் மாடி. படியேற முடியாத ஒருவரை எங்கே கொண்டுபோவது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது என் பேருக்கு எழுதப்பட்ட வீடு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில், தண்ணீரை நோக்கி இறங்கும் குறுகலான ஒழுங்கையில் இருந்தது. இருபத்தாறு வருடம் வாடகைக்கு விட்டிருந்தோம். "உனக்கு வீடு இரிக்கிதானே," என்றார்கள் எல்லாரும். வாடகைக்காரர் எழும்பினார்கள், நாங்கள் வந்தோம். பத்திரிகைக்கு ஒரு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு மேசை இழுப்பறையைக் காலி செய்தேன்.

பத்திரிகையில் நான் மாகாணச் செய்திப் பக்கத்தின் உதவி ஆசிரியர். ஊர்களிலிருந்து செய்தியாளர்கள் அனுப்புவதை வெட்டி, திருத்தி, தலைப்பிட்டு, ஆறு மணிக்குள் பக்கத்தை மூடுவது என் வேலை. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வரும். எதைக் கேட்டாலும், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எங்கே நின்று என்று மனம் கேட்கும். இவருக்கு அது பிடிக்காது. அவர் நில அளவைப் படம் வரைகிறவராக இருந்தவர். துல்லியம் கோட்டில் இருந்தால் போதும், பேச்சில் தேவையில்லை என்பது அவர் கட்சி.

வந்த முதல் வருடத்தில் ஒரு நாள் கைத்தொலைபேசியில் ஒரு அறிவித்தலைக் கண்டேன். நாடு முழுவதும் தும்பிகளைப் பதிவு செய்ய ஆட்கள் தேவை. ஒரே பாதையில், வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் நடந்து, கண்டதை எழுத வேண்டும். விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. பொறுப்பாக இருந்தவர் மலையகத்தில் இருந்த ஒரு இளம் ஆய்வாளர். தமிழில் பேசக்கூடியவர். மூன்று பின்னேரங்கள் திரையில் பாடம் எடுத்தார். பிறகு தபாலில் படப் புத்தகமும் படிவங்களும் வந்தன.

முதல் பாடம் எளிது. உட்காரும்போது சிறகை விமானம் போல விரித்து வைத்திருந்தால் தும்பி. சிறகை மூடி முதுகோடு சேர்த்து, உடம்பு ஈர்க்குப் போல இருந்தால் ஊசித்தும்பி. இரண்டாம் பாடம்தான் எனக்குப் பிடித்தது. படிவத்தில் எண் எழுதலாம், பூச்சியம் எழுதலாம், கோடு போடலாம். பூச்சியம் என்றால் போனேன், பார்த்தேன், இல்லை. கோடு என்றால் போகவில்லை. "இரண்டையும் கலக்கிறவங்கதான் கூடுதல், அக்கா. அதால எத்தனையோ பாதை பழுதாப் போயிருக்கு," என்றார் அந்தப் பிள்ளை. எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செய்தி இல்லை என்பதும் செய்தியாளர் போகவில்லை என்பதும் வேறு வேறு என்று வருடக்கணக்காகத் தொலைபேசியில் கத்தியவள் நான்.

என் பாதை ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஒழுங்கை முடியும் இடத்தில் தொடங்கி, வாவிக் கரையோரம் கண்டல் மரங்களுக்கு இடையால் போய், வட்டைக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கும் அணைக்கட்டில் ஏறி, மதகைக் கடந்து, தாமரை மடுவில் முடியும். வட்டை என்றால் எங்கள் ஊரில் வயல்வெளி. பாதையை ஐந்து துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஐந்து மீற்றருக்குள் தெரிவதை மட்டுமே எழுத வேண்டும். வெயில் வேண்டும். புல் சாயும் அளவுக்குக் காற்று அடித்தால் திரும்பி வர வேண்டும்.

அறுவடை முடிந்த மார்ச்சில் எண்ணி முடியாது. மஞ்சளும் கறுப்பும் படிந்த அகலச் சிறகுத் தும்பிகள் மதகின் மேல் கூட்டமாகச் சுற்றும். வண்ணத்துப்பூச்சி என்றுதான் முதல் நாள் எழுதப் போனேன். அடிச்சிறகு பாதி கறுத்த ஒன்று வரம்புப் புல்லைவிட்டு நகராது. மெலிந்த பச்சைக் கறுப்பு ஒன்று மற்றத் தும்பிகளையே பிடித்துத் தின்னும். நான் நிற்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வைகாசி பிறந்து வறண்ட கச்சான் காற்று தொடங்கினால் வட்டை வெடிக்கும், மடு சேறாகும். அப்போது வாவிக் கரையின் உவர்த் தண்ணீரைத் தாங்கும் இரண்டொரு இனம்தான் மிஞ்சும். ஆடியில் ஒரு வியாழன் ஐந்து துண்டிலும் சேர்த்து மூன்று தும்பி. ஐப்பசியில் காற்றுத் திரும்பும். அந்த வாரமே, எங்கிருந்தோ, தேன் நிறத் தும்பிகள் தலைக்கு மேல் வந்து நிற்கும். கடல் தாண்டி வருகிறவை என்று புத்தகம் சொன்னது. அவை உட்காரவே மாட்டா. அவற்றை எண்ணும்போது நான் கழுத்து நோகும் வரை அண்ணாந்து நிற்பேன்.

வீட்டில் இவர் கேட்பார்.

"இண்டைக்கு எத்தின பேர் வந்தவ?"

"முப்பத்தேழு."

"பேர் விலாசம் எடுத்தியா?"

"பாதிப் பேர் ஓடிற்றாங்க."

"ஓடத்தான் செய்வாங்க. செத்த வீட்டுக்கு வாறவன்ட தலையையும் எண்ணுற மனிசி நீ."

சிரிப்பேன். அவரும் சிரிப்பார், வாயின் இடது பக்கத்தால். பிறகு அவரைக் கட்டிலுக்கு மாற்றுவேன். இடது கையை என் கழுத்தில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, திருப்பி இருத்தி, காலைத் தூக்கி வைத்து, முதுகுக்குத் தலையணை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தோல் புண்ணாகும். இடையில் கஞ்சி, மருந்து, மூத்திரப் போத்தல், துவாய். எங்கள் வீட்டிலிருந்து வாவி தெரியாது. மேற்கே பக்கத்து வளவின் மதில், அதற்கு மேல் தென்னோலை. மழை பெய்தால் சத்தம் கேட்கும். வெள்ளம் வந்தால் யாராவது வந்து சொல்ல வேண்டும். மணல் திட்டில் இருப்பதால் ஒழுங்கைக்குள் தண்ணீர் ஏறாது.

முதல் வருடப் படிவங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. முதல் மூன்று துண்டில் இனங்கள் அதிகம், கடைசி இரண்டில் குறைவு. மடுப் பக்கம் தும்பி குறைவு என்று யாரும் நினைத்துவிடலாம். உண்மை அதுவல்ல. மதகடிக்கு நான் போகும் நேரம் பெரும்பாலும் தொலைபேசி அடிக்கும்.

"எங்க நிக்கிறாய்?"

"மதகடியில."

"இன்னும் மதகடியிலயோ."

"என்ன வேணும்? மச்சாள்தானே இரிக்கிறா."

"ஒண்டுமில்ல. சும்மா கேட்ட நான்."

அதற்குப் பிறகு என் நடை வேகமாகிவிடும். வேகமாக நடந்தால் ஊசித்தும்பி கண்ணில் படாது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஒருமுறை கேட்டபோது சொன்னார், "நீ வெளிய போனா இந்த மணிக்கூடு நடக்குதில்ல." எனக்கும் அந்த மணிக்கூடுதான், நான் வீட்டில் இருக்கும்போது. அதை நான் சொல்லவில்லை.

படிவத்தில் இன்னொரு விதியும் இருந்தது. தொடர்ந்து நான்கு வாரம் கோடு விழுந்தால் பாதையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் வருடம் ஐப்பசிக் கடைசியில் மச்சாளின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது, கதிரவெளியில். மச்சாள் பத்தியம் பார்க்கப் போனார். "ரெண்டு கிழமைதான் மச்சாள், ஓடி வந்திருவன்," என்றார். தாய்க்குக் காய்ச்சல், பிறகு பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, பிறகு மழை. மருந்தைப் பக்கத்து வளவுக்காரர் கடையிலிருந்து வாங்கி மதிலுக்கு மேலால் தந்தார். நான் கேற்றுக்கு வெளியே போகவில்லை. முதல் வியாழன் கோடு. இரண்டாம் வியாழன் கோடு. மூன்றாம் வியாழனும் கோடு.

நான்காம் வாரம் மழை செவ்வாய்க்கிழமை விட்டது. வியாழன் நல்ல வெயில். கிணற்றடியில் துணி காயப் போடும்போது தலைக்கு மேல் தேன் நிறத் தும்பி ஒன்றைக் கண்டேன். ஒன்றுதான். அப்படியென்றால் அணைக்கட்டில் எத்தனை நிற்கும் என்று எனக்குத் தெரியும். போன வருடத்துப் படிவத்தில் இருந்தது.

மாகாணப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஊர்ச் செய்தியாளருக்குக் கோயில் விழா, பரிசளிப்பு, கட்டடத் திறப்பு என்று அழைப்பிதழ் வரும். ஒரே நாளில் மூன்று விழா. மூன்றுக்கும் போக முடியாது. அழைப்பிதழைப் பார்த்து, முதல் நாளே, நடந்து முடிந்தது போலச் செய்தியை எழுதி அனுப்பிவிடுவார்கள். தலைமை தாங்கினார், உரையாற்றினார், பெருந்திரளானோர் கலந்துகொண்டனர். பெரும்பாலும் அப்படியேதான் நடந்தும் இருக்கும். பிரதம விருந்தினர் வராமல் போகும் நாளில்தான் மாட்டுப்படுவார்கள். நான் அப்படி மாட்டுப்பட்டவர்களைத் தொலைபேசியில் அழ வைத்திருக்கிறேன்.

அன்று பத்தரை மணிக்கு, இவருடைய கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்து, படிவத்தை நிரப்பினேன். போன வருடத்தின் அதே வாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அப்படியே எழுதவில்லை. ஒன்பதை எட்டாக்கினேன். பத்து வந்த இடத்தில் பதினொன்று போட்டேன். பத்து, இருபது போன்ற எண் சந்தேகத்தைத் தரும். பொய்ச் செய்தியைப் பிடித்துப் பழகியவளுக்குப் பொய்ச் செய்தி எழுதுவது கடினமில்லை. இரண்டாம் துண்டில் ஒரு பூச்சியமும் வைத்தேன். மதகுக்கு மேல் தேன் நிறத் தும்பி பதினொன்று. மடுக் கரைப் புல்லில் ஊசித்தும்பி நான்கு.

இவர் காதில் றேடியோ வயரைச் செருகியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாமலே எண்ணி முடிச்சிற்றாய் போல."

"ஒரு கிழமைதான்."

"நான் ஒண்டும் சொல்லல்லயே."

அவர் முகத்தில் இருந்தது கேலியல்ல. இன்னும் சரியாகச் சொன்னால், நிம்மதி. நான் படிவத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அடுத்த வியாழன் மச்சாள் வந்துவிட்டார். கதிரவெளிக் கருவாடு ஒரு பொதி, பேரனின் படங்கள் ஐம்பது. நான் பாதைக்குப் போனேன். அணைக்கட்டில் சேறு புதிதாகப் படிந்திருந்தது. வெள்ளம் வந்து போயிருக்கிறது என்று கொப்பியில் எழுதினேன். எந்த நாள் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைத் தலைப்பிடும் மேசையில் இருந்து எத்தனையோ பேரிடம் கேட்டவள் நான்.

தை மாதம் ஆய்வாளர் தொலைபேசி எடுத்தார். சமையல் முடிந்து, இவரைக் கதிரையில் இருத்தி, கரண்டியால் வாயில் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டேன்.

"அக்கா, உங்கட கார்த்திகைப் படிவத்தில ஒரு வியாழக்கிழமை. அதப்பத்தி ஒரு விஷயம்."

"சொல்லுங்க பிள்ள."

"வாவிக்கு மேற்க, படுவான்கரையில இருந்து இன்னொருத்தர் பதிவு செய்றார், பாடசாலை அதிபர். அவர் அதே வாரம் கோடு போட்டு, ஒரு குறிப்பு எழுதியிருக்கார். கல்லாற்றுப் பக்கம் முகத்துவாரம் வெட்டல்ல, வாவி நிரம்பிற்று, அக்கரையில, அதாவது உங்கட பக்கம், மதகும் அணைக்கட்டும் தண்ணிக்குள்ள எண்டு. படமும் அனுப்பியிருக்கார். சனிக்கிழமைதான் வெட்டினாங்களாம்."

கரண்டி என் கையில் இருந்தது. வருடம் தவறாமல் அந்தச் செய்தி வரும். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணலை வெட்டு என்று வேளாண்மைக்காரர் சொல்வார்கள், மீன் போய்விடும், பொறு என்று மீன்பிடிக்காரர் சொல்வார்கள், அதிகாரிகள் கூட்டம் போடுவார்கள், அதற்குள் வட்டை தண்ணீரில் தாழும். அதற்கு இருபத்தாறு வருடமாக நான் தலைப்புப் போட்டிருக்கிறேன். அந்த வருடம் அது என் வீட்டிலிருந்து முன்னூறு அடியில் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

"அதான் அக்கா," என்று தொடர்ந்தது குரல். அதில் சந்தேகம் இல்லை. உற்சாகம் இருந்தது, அதுதான் மோசம். "வெள்ளம் மூடின அணைக்கட்டுக்கு மேல பதினொண்டு நிண்டிருக்கெண்டா அது பெறுமதியான பதிவு. எப்படிப் பார்த்தீங்க? தோணியில போனீங்களா?"

செய்தியாளரிடம் ஒருபோதும் பதிலைச் சேர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கேட்டால் அந்தப் பதிலையே தருவார்கள்.

"ஓம்," என்றேன். "தோணியில."

"நல்லம் அக்கா! அந்தத் தோணிக்காரரோட கதைக்கலாமா? எங்க நிண்டு பார்த்ததெண்டு குறிக்க வேணும். மாசி முதல் கிழமை நான் அந்தப் பக்கம் வாறன்."

தொலைபேசியை வைத்தேன். இவர் வாயிலிருந்ததை விழுங்கினார்.

"எந்தத் தோணி?" என்றார்.

"சும்மா இருங்க."

"இல்ல, கேக்கிறன். எனக்குச் சொல்லாம தோணி வாங்கியிரிக்கிறாய் போல. என்னையும் ஒருக்கா ஏத்திற்றுப் போவன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

"றேடியோவில அண்டைக்கே சொன்னவன். எங்கட பக்கம் கரையோரம் முழுக்கத் தண்ணி, ஆக்களை எழுப்பி இரிக்கி எண்டு."

"எண்டைக்கு?"

"நீ எழுதிக்கிட்டிருக்கக்குள்ள."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வீட்டில இருந்தே எழுதலாமெண்டா நல்லம்தானே எண்டு நினைச்ச நான். நீ அண்டைக்கு முழுநாளும் இஞ்சதான் இருந்தாய்."

மீதிச் சோற்றைத் தீத்தி முடித்தேன். வாய் துடைத்துவிட்டேன். அவரைக் கட்டிலுக்கு மாற்றினேன், ஒன்று இரண்டு மூன்று. கோபப்படுவதற்கும் ஒரு இடம் தேவை. வேறொரு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தலாம், ஆனால் சாத்தினால் அவர் கூப்பிடுவது கேட்காது.

பொய்யை நிலைநிறுத்துவது எளிதாகத்தான் இருந்தது. ஒழுங்கை முனையில் இறால் பிடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். கேட்டால் ஓம் என்று சொல்லியிருப்பார். ஒரு வார்த்தைதான். அதை நான் இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம். மறுபக்கம் இதுவரை நான் எழுதிய படிவங்கள், அவற்றில் இனி எந்த எண்ணை எடுத்துப் பார்த்தாலும் எனக்கே அது எங்கே நின்று பார்த்தது என்ற கேள்வி. பிழையான செய்தி வந்தால் பத்திரிகையில் உள்பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் போடுவோம். காரணம் சொல்ல மாட்டோம், வருந்துகிறோம் என்று முடிப்போம். மூன்றாம் நாள் தொலைபேசியில் அப்படி ஒன்றை எழுதினேன். முதலில் எழுதியதில் இவருடைய நோய் இருந்தது, மச்சாள் கதிரவெளிக்குப் போனது இருந்தது, மழை இருந்தது. எல்லாவற்றையும் வெட்டினேன். மிஞ்சிய மூன்று வரியை ஆய்வாளருக்கு அனுப்பினேன். அந்த வியாழக்கிழமைப் படிவத்தில் உள்ள எண்கள் நேரில் பார்த்தவை அல்ல. அன்று நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தோணி எதுவும் இல்லை.

பதில் உடனே வரவில்லை. நான்கு நாள் கழித்து அந்தப் பிள்ளை தொலைபேசி எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"எத்தனை கிழமை அப்படி எழுதினீங்க, அக்கா?"

"ஒண்டு."

"அதை நான் எப்படித் தெரிஞ்சுகொள்றது?"

அந்தக் கேள்வி சரியானது. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன், இன்னும் கடுமையாக.

என் இரண்டு வருடப் பதிவுகளையும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது என்றார். அழிக்க மாட்டார்கள், கணக்கில் எடுக்க மாட்டார்கள். பாதையை மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒரு இளைஞரிடம் கொடுக்கிறார்கள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, எனக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்போடு, இன்னொன்றையும் சொன்னார். இந்த வருடம் ஒரு புதிய வேலை தொடங்குகிறார்கள். ஒரே இடத்தில் நின்று, பத்து நிமிடம் மட்டும் பார்ப்பது. வீட்டு வளவிலேயே செய்யலாம். கிணற்றடி இருந்தால் நல்லது.

"உங்கட நிலைமைக்கு அதுதான் அக்கா வசதி. எங்கயும் போகத் தேவல்ல."

நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேனா என்று தெரியவில்லை.

அடுத்த திங்கள் மச்சாள் வந்தபோது புதிய படிவம் மேசையில் இருந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன மச்சாள், வேறயா இரிக்கி?"

நான் வாயைத் திறக்குமுன் இவர் சொல்லிவிட்டார். "பெரிய கந்தோர் இனி வீட்டுக்கு வந்திற்று, தங்கச்சி. கிணத்தடியில நிண்டு பத்து நிமிஷம் பாத்தாப் போதுமாம்."

"அட, அது நல்லதாப் போயிற்று!" மச்சாளின் முகம் உண்மையாகவே மலர்ந்தது. "அப்ப வியாழக்கிழம நான் வரத் தேவல்ல, என்ன? மகள் பிள்ளையோட வந்து நிக்கிறாள். அவன் என்னை அங்கால இங்கால அசைய விடுறானில்ல. எப்படி உங்களிட்டச் சொல்றதெண்டு யோசிச்சிக்கிட்டிருந்தன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் வெளியே போவதற்குக் காரணம் உண்டு. கோயில், கடை, ஆசுப்பத்திரி, செத்த வீடு, கலியாண வீடு. இரண்டு வருடமாக எனக்கு இன்னொரு காரணம் இருந்தது. அது கேலிக்குரியதாக இருந்தாலும் காகிதத்தில் அச்சடித்ததாக இருந்தது. படிவம் இருந்ததால் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை, எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை வாருங்கள், நான் வாவிக் கரையில் இரண்டு மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் நிற்கப் போகிறேன் என்று ஒரு பேரப்பிள்ளைக்காரியிடம் சொல்லலாம். இலக்கணப்படி அது சரியான வசனம். அதைச் சொல்ல என்னிடம் வாய் இருக்கவில்லை.

"பேரனைப் பாருங்க மச்சாள்," என்றேன். "நான் சமாளிப்பன்."

"என்னகா, முகம் ஒரு மாதிரி?" என்றார் மச்சாள்.

"ஒண்டுமில்ல. மருந்துச் சீட்டைத் தேடுறன்."

சீட்டு கையில்தான் இருந்தது. பஸ்ஸைப் பிடித்துக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். மருந்து வாங்கினேன், கத்தரிக்காய் வாங்கினேன், பதினொரு மணிக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு இவரைச் சக்கரக் கதிரையில் வைத்துப் பின்வாசல் வரை தள்ளி வந்தேன். அவரே கேட்டார். வெயில் முகத்தில் படாமல் தலைக்கு மேல் துவாய் கட்டிவிட்டேன். நான் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லடியில் நின்றேன். தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வல்லாரை படர்ந்திருந்தது. மணலில் சாம்பல் நீலத் தும்பி ஒன்று உட்கார்ந்திருந்தது. எழும்பி, மதில் வரை போய், அதே இடத்துக்குத் திரும்பியது. எழுதினேன்.

"அந்தா ஒண்டு," என்றார் இவர்.

"அது எழுதிற்றன்."

"இல்ல, இது வேற. இப்பதான் மதிலுக்கு மேலால வந்தது."

"மதிலுக்குப் போனதுதான் வந்தது."

"எப்படித் தெரியும் உனக்கு? அடையாள அட்டை பாத்தியா?"

புதிய விதியில் அதற்கும் பதில் இருந்தது. ஒரே நேரத்தில் ஒன்றாகக் கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும். திரும்பத் திரும்ப வருவதைக் கூட்டக் கூடாது. அதைச் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. தான் மூன்று கண்டதாகச் சொன்னார். அவருக்கு உற்சாகமாக இருந்தது. இடது கையைத் தூக்கிச் சுட்டிக் காட்டினார், கழுத்தைத் திருப்பினார், வந்து மூன்று வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் வெளியே இருந்ததில்லை. பக்கத்து வளவுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணன், வெளிக்கிட்டாச்சா?" என்று கேட்டார். "ஓம், வேலை கிடைச்சிரிக்கி," என்றார் இவர்.

வாவிப் பக்கமிருந்து காற்று லேசாக வந்தது. அங்கே இந்நேரம் யாரோ ஒரு இளைஞன் என் பாதையின் முதல் துண்டில் நடந்துகொண்டிருப்பான். நான் படிவத்தில் ஒன்று என்று எழுதினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பது பத்து.

"முடிஞ்சுதா?" என்றார் இவர்.

"முடிஞ்சுது."

"அவ்வளவுதானா? இனி என்ன செய்யப் போறாய்?"

துவாயை அவிழ்த்து, கதிரையைத் திருப்பி, வாசற்படியில் முன் சக்கரத்தைத் தூக்கினேன்.